நான் நேராக்கிய சுரங்கள்

ஒரு பெண்மணி பதினொரு நிமிடம் பியானோ வாசித்துப் பதிவு செய்த கோப்பை என்னிடம் நம்பிக் கொடுத்தார். அதை நான் கெடுத்தேன். கை தவறிக் கெடுக்கவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு நாள் உட்கார்ந்து, பொறுமையாகக் கெடுத்தேன். அப்போது எனக்கு வயது அறுபத்தொன்பது. பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் முப்பது வருடத்துக்கு மேல் இயற்பியல் எடுத்தவன். ஒலியைப் பற்றியும் அலைகளைப் பற்றியும் வருடா வருடம் பாடம் நடத்தியவன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. கேட்காமல் அவருடையதை ஒருமுறை தொட்டது போதும்.

அரியலூர் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தார். செந்துறைப் பக்கம் விவசாயக் குடும்பம். முதல்முறை என் வீட்டுக்கு வந்தபோது ஐம்பத்தேழு வயது இருக்கும். என் பியானோவுக்குச் சுருதி சேர்க்கத் திருச்சியிலிருந்து வருகிறவர், கணினியில் பதிவு செய்யத் தெரிந்தவன் என்று என் விலாசத்தைக் கொடுத்திருந்தார். இவர் லேப்டாப்பை ஒரு துண்டில் சுற்றி ஜவுளிக்கடைப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரும் முன்பே கேட்டார்.

“சார், நான் அடிக்கிறப்ப சத்தம் ஒரு மூச்சு தள்ளி வருது. மெஷின் கோளாறா, என் காது கோளாறா?”

பியானோ வாசிப்பதை அவர் கடைசிவரை ‘அடிக்கிறது’ என்றுதான் சொன்னார். தட்டச்சுக்காரர்களின் சொல். எனக்கு ஒவ்வொரு முறையும் அது உறுத்தும்.

கோளாறு லேப்டாப்பில்தான். ஓர் அமைப்பை மாற்றினால் தீர்ந்துவிடும். மாற்றிவிட்டு, என் மேசையில் இருந்த சின்ன கீபோர்டில் இணைத்துக் கொடுத்தேன். சரியாகிவிட்டதா என்று பார்க்க நாலு வரி வாசித்தார். நின்றுகொண்டே, பையைத் தோளில் மாட்டியபடியே வாசித்தார். நான் அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருடம் தினமும் பயிற்சி செய்து, பியானோப் பரீட்சைகளில் கடைசியான எட்டாவது கிரேடு வரை எழுதித் தேறியும் என் கைக்கு வராத ஒன்று அந்த நாலு வரியில் இருந்தது. எங்கே காத்திருக்க வேண்டும் என்று அந்த விரல்களுக்குத் தெரிந்திருந்தது. “நல்லா வந்துடுச்சு சார்” என்றார். நான் லேப்டாப்பை மூடிக் கொடுத்தேன்.

அவர் பயன்படுத்தியது மென்பொருள் பியானோ. பெரிய கச்சேரிப் பியானோ ஒன்றின் ஒவ்வொரு கட்டையையும் மெதுவாகவும் அழுத்தியும் ஓங்கியும் பல விதமாக வாசித்து, அந்த ஒலிகளையெல்லாம் சேர்த்து விற்கிறார்கள். நாம் வீட்டில் ஒரு எலக்ட்ரானிக் கீபோர்டில் வாசித்தால் எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக, எந்தக் கணத்தில் அழுந்தியது என்கிற குறிப்பு மட்டும் கணினிக்குப் போகும். அதற்குரிய ஒலியை மென்பொருள் எடுத்துக் கொடுக்கும். பதிவாவது சத்தம் அல்ல, கை செய்த காரியத்தின் குறிப்பு. அதனால் வாசித்து முடித்த பிறகும் எந்தச் சுரத்தையும் மவுஸால் பிடித்து நகர்த்தலாம், மெலிதாக்கலாம், அழிக்கலாம். இந்த வசதிக்காகத்தான் பலரும் இதை வாங்குகிறார்கள்.

அவர் அந்த வசதியைத் தொடவே மாட்டார்.

பதினொரு நிமிட இசைத் துண்டு ஒன்றில் பத்தாவது நிமிடம் ஒரு விரல் பக்கத்துக் கட்டையில் பட்டுவிடும். நாமாக இருந்தால் அந்த ஒரு சுரத்தை இழுத்துச் சரியான இடத்தில் வைத்துவிட்டு எழுந்துபோவோம். அவர் முழுவதையும் அழித்துவிட்டு, “சரி, மொதல்லேருந்து” என்பார். ஆபீஸ் விட்டு வந்து, சமைத்து முடித்து, ஒரு நாளைக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் அவரால் உட்கார முடியும். ஒரே துண்டை மூன்று மாதம் இப்படி வாசித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சுரத்தை நகர்த்துவது இரண்டு வினாடி வேலை, உலகம் முழுக்க இதைத்தான் செய்கிறார்கள் என்று நான் ஒருநாள் போனில் சொன்னேன்.

“செய்யட்டும் சார். எனக்குப் பழக்கமில்ல. கோர்ட்ல சாட்சி ஒண்ணு சொல்லி நாம ஒண்ணு அடிச்சிட்டா அழிக்க முடியாது. கோடு போட்டு, திருத்தி, ஜட்ஜ் ஐயாகிட்ட கையெழுத்து வாங்கணும். அந்தக் கையெழுத்துக்கு எந்திரிச்சு நிக்கக் கூடாதுன்னு நான் வேலைக்குச் சேந்த அன்னைக்கே வெச்சுக்கிட்டேன்.”

இந்தக் குணம் வாசிப்பில் மட்டும் இல்லை. போனில் பேசும்போது நடுவில் இணைப்பு அறுந்துபோனால், திரும்பக் கூப்பிட்டு “வணக்கம் சார், அரியலூர்லேருந்து பேசுறேன்” என்று ஆரம்பித்து, சொன்ன அத்தனையையும் மறுபடி சொல்வார். பாதியில் நிறுத்தி, அதுவரை கேட்டுவிட்டேன் என்று சொன்னால் கொஞ்சம் தடுமாறி, மறுபடியும் தொடக்கத்துக்கே போய்விடுவார். ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது என் மனைவிக்குக் கம்பு அடை செய்யும் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் இவள் உப்பு எவ்வளவு என்று கேட்டுவிட்டாள். அவர் கம்பை ஊறவைக்கிறதிலிருந்து மறுபடி தொடங்கினார். அவர் போன பிறகு, “இந்த அம்மாகிட்ட எதையும் குறுக்கக் கேக்கக் கூடாது. கேட்டா நாளைக்குத்தான் அடை சாப்பிடலாம்” என்று இவள் சிரித்தாள். அவளுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. அதுவும் எனக்கு உறுத்தியது.

என் பியானோ உண்மையான மரப் பியானோ. திருச்சியில் மூடிய ஒரு பள்ளியிலிருந்து வாங்கியது. மைக் வைத்துத்தான் பதிவு செய்ய வேண்டும். நான் வாசிக்க உட்கார்ந்தால் தெருவில் பஸ் ஹாரன் அடிக்கும், எதிர்வீட்டுக் குக்கர் விசிலடிக்கும், ஜன்னலில் காக்கை வந்து உட்காரும். அவர் வீடோ, சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலையில் இருந்தது. லாரி போனால் அலமாரியில் டம்ளர் ஆடும் என்பார். ஆனால் அவர் பதிவில் ஒரு லாரிகூட இருக்காது, குறிப்புக்குத்தான் காது கிடையாதே. அவருடைய பதிவுகளைக் கேட்கும்போது பாதிராத்திரிக் காட்டில் யாரோ தனியாக வாசிப்பதுபோல இருக்கும். லாரிச் சாலையில் குடியிருந்துகொண்டு அந்த அமைதி அவருக்குக் கிடைத்ததை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒவ்வொரு முறை வரும்போதும் துணி போர்த்திய என் பியானோவைப் பார்ப்பார். ஒருமுறை, தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். சுருதி கலைந்து கிடக்கிறது, ஆள் வரச் சொல்லியிருக்கிறேன் என்றேன். போன வாரம்தான் ஆள் வந்துபோயிருந்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள்.

சென்னையில் ஓர் இசை அமைப்பு வருடத்துக்கு ஒருமுறை, இசையைத் தொழிலாகக் கொள்ளாதவர்களில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்துத் தங்கள் அரங்கில் இருக்கும் பெரிய பியானோவில் வாசிக்க வைக்கிறது. பதிவை அனுப்ப வேண்டும். திருத்தம் செய்யாத, நேராக வாசித்த பதிவாக இருக்க வேண்டும். அறுபது வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. நான் ஐம்பதுகளில் இரண்டு முறை அனுப்பி, இரண்டு முறையும் மரியாதையான மறுப்புக் கடிதம் வாங்கினேன். பிறகு என் வயது தாண்டிவிட்டது.

அவருக்கு அப்போது ஐம்பத்தொன்பது முடியப் போகிறது. அந்த வருடத்தை விட்டால் கிடையாது. நிஜப் பியானோவைத் திருச்சி விடுதியில் தங்கிப் படித்த ஐந்து வருடம் அங்கே தொட்டதுதான். பிறகு மகளுக்காக வாங்கி மகள் சீண்டாத கீபோர்டை எடுத்து வாசிக்கத் தொடங்கும்வரை நாற்பது வருடம் எதையும் தொடவில்லை. “ஒரே ஒரு தடவை சார். பெரிய பியானோவுல, மனுசங்க உக்காந்து கேக்கறப்ப” என்றார். அவர் ஏதாவது வேண்டும் என்று சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

ஒரு பிழையும் இல்லாத பதிவு கடைசியில் கிடைத்துவிட்டது. மாஸ்டரிங் மட்டும் நான் செய்து தர வேண்டும் என்று கேட்டார். மாஸ்டரிங் என்பது வாசிப்பைத் தொடாமல் முழு ஒலியையும் கேட்பதற்கு ஏற்றபடி சமன் செய்து, ஒலியளவைத் தேவையான உயரத்துக்குக் கொண்டுவந்து முடிக்கும் கடைசி வேலை. மென்பொருளில் ஒலியை இன்னும் கொஞ்சம் தெளிவாக எடுக்கலாம் என்று நான் சொன்னதால், குறிப்புக் கோப்பையே பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். கடைசி நாளுக்கு நான்கு நாள் இருந்தது. நானே சென்னைக்கு அனுப்பிவிடுகிறேன் என்று ஏற்றுக்கொண்டேன்.

அன்று மாலை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். சமையலறையில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. நின்றது. என் மனைவி ஈரக்கையோடு வாசலில் வந்து நின்று கடைசிவரை கேட்டாள்.

“அந்த அம்மாதான?”

“நானாக இருக்கக் கூடாதா?”

“உங்களதுன்னா எப்ப முடியும்னு பாப்பேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எங்களுக்குள் அந்த மாதிரிப் பேச்சு சகஜம்.

மறுநாள் காலை அறைக் கதவைச் சாத்தினேன்.

கணினிக்கு ஒரு வேலை தெரியும். முன்பின்னாக விழுந்த சுரங்களையெல்லாம் சம இடைவெளிக் கோடுகளில் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஆனால் அவர் தாளக்கணக்கு எதையும் வைத்துக்கொள்ளாமல் வாசித்திருந்ததால் அது ஒரே பொத்தானில் நடக்காது. எங்கே மாத்திரை தொடங்குகிறது என்று வரிக்கு வரி நான் குறித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குத்தான் இரண்டு நாள். அவர் காத்திருந்த இடங்களையெல்லாம் தேடித் தேடி மூடினேன். ஒரு சுரம் கொஞ்சம் தயங்கி விழுகிறதே, அதைக் கோட்டில் நிறுத்தினேன். இடது கைக்கு ஒரு மயிரிழை பின்னால் வந்த வலது கையைச் சேர்த்து ஒட்டினேன். மெலிதாகத் தொட்டதையும் ஓங்கி அடித்ததையும் கிட்டத்தட்ட ஒரே அழுத்தத்துக்குக் கொண்டுவந்தேன். ஒரு சுரத்தைக்கூட மாற்றவில்லை. ஒலியைத் தரமாக மாஸ்டர் செய்தேன், அதில் குறை வைக்கவில்லை. பழைய கோப்பின் மேலேயே சேமித்தேன். அனுப்பினேன்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. இது கையால் வாசித்ததாகத் தெரியவில்லை, கணினியில் எழுதிச் சேர்த்ததாகத் தெரிகிறது, ஆகவே ஏற்க இயலவில்லை என்று எழுதியிருந்தார்கள். வாசித்ததை அறிந்தவர் யாராவது கடிதம் கொடுத்தால் மறுபரிசீலனை செய்வோம் என்றும் இருந்தது.

அவர் அன்றே பஸ் ஏறி வந்தார். நான் அனுப்பியதைக் கேட்க வேண்டும் என்றார். போட்டேன். தலையைக் குனிந்துகொண்டு பதினொரு நிமிடமும் கேட்டார்.

“மாஸ்டரிங் பண்ணா இப்படி ஆயிடுமா சார்?”

“மாஸ்டரிங் எதையும் மாற்றாது. உள்ளதைக் காட்டும்” என்றேன்.

“அப்ப நான் அடிச்சதே இப்படித்தானா.” தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே, “அடிக்கிறப்ப வேற மாதிரி இருந்துச்சு” என்றார்.

பிறகு அவர்கள் கேட்டிருந்த அந்தச் சாட்சிக் கடிதத்தை என்னிடம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். ‘பதிவு செய்யப்பட்டபோது நான் உடனிருக்கவில்லை. கோப்பாகவே என்னிடம் வந்தது. அவர் நேர்மையானவர் என்று அறிவேன்.’ அதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சாட்சி சொல்லத் தெரிந்தவர்கள் இப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது. அவர் படித்துவிட்டு, “உண்மையைத்தான எழுதியிருக்கீங்க” என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதை அவர் அனுப்பவில்லை என்று பிறகு தெரிந்தது.

அதற்குப் பின் போன் வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். அந்த வருடம் நான் வழக்கத்தைவிட அதிகமாக வாசித்தேன்.

இரண்டு வருடம் கழித்து ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன என் மனைவி அவரை அங்கே பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றாமல் சொன்னாள்.

“அந்த அம்மா இப்ப வாசிக்கறதே இல்லையாம். தனக்கு வராதுன்னு தெரிஞ்சுபோச்சாம். எல்லாத்தையும் அழிச்சிட்டாங்களாம். என்னங்க இது? அன்னைக்கு நான் நின்னு கேட்டேனே. அது வராத கையா?”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, மெதுவாக, “என்ன செஞ்சீங்க?” என்று கேட்டாள். முதலில் அவளிடம்தான் சொன்னேன்.

மறுநாள் அரியலூர் போனேன். அவர் ஓய்வு பெற்றிருந்தார். கீபோர்டைச் சுவரில் சாய்த்து வைத்து அதன்மேல் துவைத்த துணிகளை மடித்து அடுக்கியிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கிடவில்லை. முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சுரத்தை மாத்தலையே?”

“இல்லை. ஒன்றுகூட மாற்றவில்லை. நேரத்தைத்தான்.”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். ஒரு லாரி போயிற்று.

“சுரமெல்லாம் யாரோ எழுதுனது சார். நேரந்தான் என்னோடது” என்றார்.

பிறகு எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். நான் அழுதுகொண்டிருந்ததைப் பார்க்காததுபோல என் முன்னால் வைத்தார். “குடிச்சிட்டுப் போங்க. அஞ்சே காலுக்கு பஸ் இருக்கு.”

சென்னைக்கு முழு விவரத்தையும் என் கையெழுத்தில் எழுதி அனுப்பினேன். நான் செய்தது, ஏன் செய்தேன் என்பது, எல்லாம். அவர்கள் இரக்கத்தோடுதான் பதில் எழுதினார்கள். அசல் கோப்பு இருந்தால் அனுப்புங்கள், வயது வரம்பைத் தளர்த்த முடியுமா என்று பார்க்கிறோம் என்றார்கள். அசல் எங்கேயும் இல்லை. என்னிடம் இருந்ததன்மேல் நானே சேமித்துவிட்டேன். தன்னிடம் இருந்ததை, தன் வாசிப்பு உயிரில்லாதது என்று நம்பி, திரும்பக் கேட்டுப் பார்க்காமலே அவர் அழித்துவிட்டார்.

அப்போது ஓர் எண்ணம் வந்தது. எந்தெந்த இடத்தில் அவர் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். நானே தேடித் தேடி மூடியவை அல்லவா. கெடுத்த கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுரமாகக் கோட்டிலிருந்து விலக்கத் தொடங்கினேன். ஆயிரக்கணக்கான சுரங்கள். நான்கு மாதம் ஆயிற்று. கண்ணில் நீர் வடியும், நிறுத்தி மருந்து போட்டுக்கொண்டு மறுபடி உட்காருவேன். இங்கே தயங்கினார், இங்கே மெல்லத் தொட்டார், இங்கே இடது கை முந்தியது. முடித்துக் கேட்டபோது நன்றாக இருந்தது. என் வாழ்நாளில் என் கையிலிருந்து அப்படி ஒன்று வந்ததில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அவங்ககிட்டயே கொண்டுபோய்க் கொடுங்க” என்று மட்டும் சொன்னாள்.

கொண்டுபோனேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி முழுவதையும் கேட்டார். ஓர் இடத்தில் லேசாகச் சிரித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்.

“நல்லா இருக்கு சார். ஆனா இது நான் இல்ல. நீங்க.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“நான் இங்கல்லாம் நிக்க மாட்டேன். நிப்பேன்னு நீங்க நெனச்ச எடத்துல நிக்குது. உங்க கை சார் இது. இவ்ளோ நாள் ஏன் இப்படி அடிக்கல நீங்க?”

குத்திக் காட்டிச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். எனக்குப் பதில் தெரியும். வாசிக்கும்போது நான் யாரையும் இவ்வளவு கவனித்ததில்லை, என்னைத் தவிர. அதை அவரிடம் சொல்லவில்லை. பென் டிரைவை என் கையில் வைத்து மூடினார். “இனிமே வர வேணாம் சார். கோவம் இல்ல. நீங்க உக்காந்திருந்தா எனக்கு வேற எதுவும் ஓட மாட்டேங்குது.” நான் எழுந்து வந்துவிட்டேன்.

அது நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. போன மாதம் இணையத்தில் வேறெதையோ தேடும்போது அவர் பெயரில் ஒரு பதிவு கண்ணில் பட்டது. தனிப் பியானோ. வேறொரு துண்டு, ஒன்பது நிமிடம். படம் இல்லை, விளக்கம் இல்லை. கேட்டவர்கள் எண்ணிக்கை நாற்பதைத் தாண்டவில்லை. சென்னை அரங்கத்தை மறுபடி கேட்டுப் பார்த்தாரா, கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது.

கேட்கத் தொடங்கிய அந்த முதல் நிமிடம் நான் குறை தேடினேன். அந்த நோய் என்னைவிட்டுப் போகவில்லை, எழுபத்து மூன்று வயதில் இனிப் போகும் என்றும் தோன்றவில்லை. குறை கிடைத்தது. ஒலியளவு ரொம்பக் குறைவாக இருந்தது. மாஸ்டரிங் என்று எதுவுமே செய்யவில்லை, மெல்லிய இடங்களெல்லாம் காதுக்கு எட்டாமல் போயின. பத்து நிமிட வேலை. எங்கே எவ்வளவு தூக்க வேண்டும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. கீழே அவருக்கு ஒரு செய்தி தட்டினேன், கோப்பை அனுப்பினால் சரிசெய்து தருகிறேன் என்று. அனுப்பும் இடத்தில் விரலை வைத்திருந்தேன்.

அதை அழித்துவிட்டு எழுந்தேன். அலமாரிப் பக்கம் போய், என் வீட்டு ஆம்ப்ளிஃபயரின் ஒலியளவுக் குமிழை எவ்வளவு திருப்ப முடியுமோ அவ்வளவு திருப்பிவிட்டு, நாற்காலியை ஸ்பீக்கரின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.